கீழே வைக்காத ரிசீவர்

அப்பா எடுத்த புகைப்படங்கள் மொத்தம் 1,400. ஒரு கோடை முழுக்க உட்கார்ந்து நெகட்டிவ்களை ஸ்கேன் செய்து, ஆண்டுவாரியாகப் பிரித்து, பழைய லேப்டாப் ஒன்றில் சின்ன இணையதளமாக அடுக்கியிருந்தேன். அதை ஓடவைக்க ஒற்றை வரிக் கட்டளை போதும். பைத்தானோடு கூடவே வரும் குட்டி வெப் சர்வர் 8000 என்ற போர்ட்டில், அதாவது கணினியின் 8000ஆம் எண் கதவில், காத்திருக்கத் தொடங்கும். கூடத்தில் இருந்த அம்மாவின் போனில் 192.168.1.5:8000 என்று அடித்ததும் படங்கள் வந்துவிட்டன. 1978 பொங்கல், அக்காவின் முதல் பிறந்தநாள், இப்போது இல்லாத பழைய வீட்டுத் திண்ணை. அம்மா போனைக் கையிலிருந்து இறக்கவே இல்லை.

அதே முகவரியைத் திருநெல்வேலியில் இருக்கும் அக்காவுக்கு அனுப்பினேன். “ஒண்ணுமே வரலடா, சுத்திக்கிட்டே இருக்கு” என்றாள்.

வராது. 192.168 என்று தொடங்கும் எண்கள் வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும் முகவரிகள். இணையப் பொறியாளர்கள் இதற்கென்றே ஒதுக்கி வைத்தவை. உலகத்தில் லட்சக்கணக்கான வீடுகளில் ஒரு 192.168.1.5 இருக்கிறது. அக்காவின் போன் என் லேப்டாப்பைத் தன் வீட்டுக்குள்ளேயே தேடிக்கொண்டிருந்தது.

திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் தங்கியவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். தெருவுக்குத் தெரிவது ஒரே கதவிலக்கம். மேனேஜர் மேசையில் ஒரே தொலைபேசி. ‘23ஆம் நம்பர் அறை’ என்பது உள்ளே இருப்பவர்களுக்குத்தான் அர்த்தம். 23ஆம் அறைக்காரர் வெளியே ஒரு எண்ணுக்குப் பேசினால், மேனேஜர் நோட்டில் குறித்துக்கொள்வார். அங்கிருந்து பதில் வந்தால் பையனை அனுப்பி அவரைக் கூப்பிடுவார். முன்பின் தெரியாத குரல் ஒன்று “தம்பியக் கூப்பிடுங்க” என்றால், ஐம்பது தம்பிகளில் எந்தத் தம்பி? போனை வைத்துவிடுவார்.

உங்கள் வீட்டு ரூட்டர் செய்வது அச்சு அசலாக இதே வேலை. உள்ளேயிருந்து ஒரு கருவி வெளியே தொடர்புகொள்ளும்போது, எந்தக் கருவி, எந்தப் போர்ட், எந்த வெளி முகவரி என்று அட்டவணையில் ஒரு வரி எழுதுகிறது. வரும் பதிலை அந்த வரியைப் பார்த்து உள்ளே சேர்க்கிறது. வரி இல்லாமல் வரும் எதையும் கீழே போட்டுவிடுகிறது. என்ஏடி என்று பொறியாளர்கள் அழைக்கும் இந்த ஏற்பாடு 1994இல் முன்மொழியப்பட்டது. காரணம் பஞ்சம். பழைய ஐபி முகவரி 32 பிட் நீளம். எத்தனை கூட்டிக் கழித்தாலும் சுமார் 429 கோடி முகவரிகள்தான். 2011 பிப்ரவரி 3ஆம் தேதி மையக் கிடங்கிலிருந்து கடைசி ஐந்து தொகுப்புகளும் உலகின் ஐந்து மண்டலங்களுக்குப் பகிர்ந்து தரப்பட்டன. அதே ஆண்டு ஏப்ரல் 15இலேயே நம் ஆசிய-பசிபிக் மண்டலம் ரேஷனுக்கு வந்துவிட்டது.

இன்று நிலைமை இன்னும் ஒரு படி மேலே. மேன்ஷனே இன்னொரு பெரிய மேன்ஷனுக்குள் இருக்கிறது. இணைய நிறுவனங்கள் பல வாடிக்கையாளர்களை ஒரே வெளி முகவரிக்குப் பின்னால் குடிவைக்கின்றன. உங்கள் ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் அதன் வெளி முகவரியைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையில் ஏதாவது ஒன்றில் தொடங்கினால், நீங்களும் அப்படித்தான் குடியிருக்கிறீர்கள். 2012இல் இந்த ஏற்பாட்டுக்காகவே ஒதுக்கிய எண்கள் அவை. ஐபி ஆறாம் பதிப்பில் முகவரிக்குப் பஞ்சமே இல்லை, இந்தியா அதில் வேகமாகவே போய்க்கொண்டிருக்கிறது. ஆனால் அங்கும் அறியாதவரை உள்ளே விடாதே என்றுதான் ரூட்டருக்குச் சொல்லிவைத்திருக்கிறார்கள், விடக்கூடாதுதான்.

பழைய வைத்தியம் ஒன்று உண்டு. ‘8000 என்று கேட்டு யார் வந்தாலும் 23ஆம் அறைக்கு அனுப்பு’ என்று ரூட்டருக்கு நிரந்தர உத்தரவு போடுவது. மேன்ஷனுக்குள் மேன்ஷன் வந்தபிறகு இது பல வீடுகளில் வேலையே செய்வதில்லை. பெரிய மேனேஜரின் நோட்டு நம் கையில் இல்லையே. வேலை செய்யும் இடத்திலும் நான் பரிந்துரைக்க மாட்டேன். மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் இசட்மேப் என்ற மென்பொருளை வெளியிட்டார்கள். ஒரே ஒரு கணினியிலிருந்து, மொத்த பழைய முகவரி உலகத்தையும், முகவரிக்கு ஒரு கதவு வீதம், 45 நிமிடத்துக்குள் தட்டிப் பார்த்துவிடலாம் என்று காட்டினார்கள். திறந்த கதவு ஒளிந்திருக்க இடமே இல்லை என்று அர்த்தம். 2017 மே 12ஆம் தேதி ‘வான்னாக்ரை’ என்ற பணம் பறிக்கும் நிரல் பரவியது அப்படித் திறந்துகிடந்த கதவுகள் வழியாகத்தான்: விண்டோஸ் கணினிகள் கோப்பு பகிரப் பயன்படுத்தும் 445ஆம் போர்ட். யாரும் எதையும் கிளிக் செய்யத் தேவையிருக்கவில்லை. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சைகள் தள்ளிப்போயின. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் மார்ச் மாதமே வந்துவிட்டது என்பதுதான் வயிறு எரியும் விஷயம்.

சரி, கதவைத் திறக்காமல் அக்காவுக்குப் படம் காட்டுவது எப்படி?

மேன்ஷன்காரர் ஒருவர் இதற்கு ஒரு வழி கண்டுபிடிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மெயின் ரோட்டில் எல்லோருக்கும் தெரிந்த கடை ஒன்று இருக்கிறது. காலையில் அந்தக் கடைக்கு இவரே போன் போடுகிறார். “யாராவது என்னைக் கேட்டு வந்தால் இந்த போனிலேயே சொல்லுங்கள்” என்று சொல்லிவிட்டு, ரிசீவரைக் கீழே வைக்காமல் காதிலேயே வைத்துக்கொள்கிறார். மேனேஜரைப் பொறுத்தவரை இது உள்ளிருந்து வெளியே போன அழைப்பு, நோட்டில் வரி இருக்கிறது, ஆட்சேபம் இல்லை. அந்த ஒரே அழைப்பின் வழியாக நாள் முழுக்க ஊரே அவரோடு பேசிவிட்டுப் போகிறது.

டனல் மென்பொருள் என்பது இவ்வளவுதான். சுரங்கம் என்ற பெயர்தான் நம்மைக் குழப்புகிறது, யாரோ வெளியிலிருந்து சுவரைக் குடைந்து உள்ளே வருவதுபோல. உண்மையில் வெளியிலிருந்து யாரும் குடையவில்லை. உள்ளே இருப்பவர் வெளியே போய் நிற்கிறார், திரும்பி வராமல்.

இதற்கான கருவி பிறந்த இடம் ஃபின்லாந்து. 1995இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் யாரோ ஒட்டுக்கேட்கும் நிரல் ஒன்றைப் பொருத்தி, ஆயிரக்கணக்கான பயனர் பெயர்களையும் பாஸ்வேர்டுகளையும் அள்ளியிருந்தார்கள். அள்ளுவதற்குப் பெரிய திறமை தேவைப்படவில்லை. தொலைதூரக் கணினியில் நுழைய உதவிய அந்தக் காலத்து டெல்நெட்டும் கோப்பு அனுப்ப உதவிய எஃப்டிபியும் பாஸ்வேர்டை அப்படியே, படிக்கும் எழுத்தில், கம்பியில் அனுப்பிக்கொண்டிருந்தன. அங்கே ஆய்வாளராக இருந்த டாட்டு இலோனன் என்பவர் இதற்கு மாற்றாக எஸ்எஸ்எச் என்ற மென்பொருளை எழுதி அந்த ஜூலையில் வெளியிட்டார். எஃப்டிபியின் போர்ட் 21, டெல்நெட்டின் போர்ட் 23. நடுவில் 22 காலியாக இருந்தது. எண்களை ஒதுக்கும் அமைப்புக்கு மின்னஞ்சல் எழுதிக் கேட்டார், மறுநாளே கிடைத்தது. இரண்டுக்கும் மாற்றாக வந்தது இரண்டுக்கும் நடுவிலேயே போய் உட்கார்ந்தது. ஆண்டு முடிவதற்குள் 50 நாடுகளில் சுமார் 20,000 பேர் அதைப் பயன்படுத்தினார்கள்.

தொலைதூரக் கணினியில் பாதுகாப்பாக நுழைவதுதான் எஸ்எஸ்எச்சின் முதல் வேலை. அதே கம்பியில் மற்றவற்றின் போக்குவரத்தையும் ஏற்றி அனுப்பலாம். மாத வாடகைக்கு எடுத்த ஒரு சர்வருக்கு என் லேப்டாப் அழைப்பு போடுகிறது. ‘உன் 9000ஆம் போர்ட்டுக்கு எது வந்தாலும் இந்தக் கம்பி வழியாக என் 8000க்குத் தள்ளிவிடு’ என்று கேட்டுக்கொள்கிறது. ஒற்றை வரிக் கட்டளை. மேன்ஷனுக்குள் மேன்ஷன் இருந்தாலும் கவலையில்லை. இரண்டு மேனேஜர்களும் தத்தம் நோட்டில் எழுதிக்கொள்வார்கள்.

கம்பியில் போவது ரகசியமாக இருப்பது எப்படி? இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் இதைவிட அழகான கணக்கு எனக்குத் தெரியாது. முன்பின் சந்திக்காத இரண்டு பேர், எல்லோரும் கேட்கும் கம்பியில் பேசியே, இருவருக்கு மட்டும் தெரிந்த ஒரு ரகசிய எண்ணுக்கு வந்து சேர வேண்டும். முடியாது என்றுதான் தோன்றும். 1976இல் விட்ஃபீல்ட் டிஃபியும் மார்ட்டின் ஹெல்மனும் முடியும் என்று காட்டினார்கள்.

கையிலேயே போட்டுப் பார்க்கலாம். 5, 23 என்ற இரண்டு எண்கள் ஊரறிந்தவை. நான் மனதுக்குள் 3 என்று நினைத்துக்கொள்கிறேன். 5ஐ மூன்று முறை பெருக்கினால் 125. அதை 23ஆல் வகுத்தால் மீதி 10. இந்த 10ஐ உரக்கச் சொல்லிவிடுகிறேன். சர்வர் தனக்குள் 7 என்று நினைத்துக்கொள்கிறது. 5ஐ ஏழு முறை பெருக்கினால் 78,125. 23ஆல் வகுக்க மீதி 17. அதுவும் உரக்கச் சொல்கிறது. இப்போது நான் 17ஐ என் ரகசியமான மூன்று முறை பெருக்குகிறேன்: 4,913. மீதி 14. சர்வர் என் 10ஐத் தன் ரகசியமான ஏழு முறை பெருக்குகிறது: ஒரு கோடி. அதை 23ஆல் வகுத்துப் பாருங்கள், மீதி அதே 14! ஒட்டுக்கேட்டவர் காதில் 5, 23, 10, 17 எல்லாம் விழுந்தன. 3ம் 7ம் 14ம் விழவே இல்லை. நிஜத்தில் 23 இருக்கும் இடத்தில் அறுநூறுக்கும் மேற்பட்ட இலக்கங்கள் கொண்ட எண் உட்காரும், அல்லது இதே யோசனை வளைகோடுகளின் கணிதத்தில் நடக்கும். அப்போது சொன்னதிலிருந்து நினைத்ததைக் கண்டுபிடிக்க உலகக் கணினிகள் அத்தனையும் சேர்ந்தாலும் போதாது.

ஒரே ஒரு சந்தேகம் மிச்சம். மறுமுனையில் பேசுவது என் சர்வர்தானா, நடுவில் புகுந்து குரல் மாற்றிப் பேசும் ஆளா? அதற்காகத்தான் முதல்முறை இணையும்போது எஸ்எஸ்எச் ஒரு நீண்ட கைரேகை எண்ணைக் காட்டி, ‘நம்பலாமா?’ என்று கேட்கிறது. பெரும்பாலானோர் படிக்காமலே ‘யெஸ்’ அடித்துவிடுகிறோம். ஒப்பிட்டுப் பார்க்க அரை நிமிடம் ஆகும். அந்த அரை நிமிடத்தைக் கொடுங்கள்.

வாடகை சர்வர், கட்டளை எல்லாம் வேண்டாம் என்பவர்களுக்கு ஆயத்தக் கடைகள் வந்துவிட்டன. ஆலன் ஷ்ரீவ் 2013இல் வெளியிட்ட என்கிராக் இந்த வகையில் புகழ்பெற்றது. கிளவுட்ஃபிளேர் தன் டனல் சேவையை 2021இல் எல்லோருக்கும் இலவசமாக்கியது. இரண்டும் நேர்த்தியான கருவிகள். ஆனால் கடையின் அமைப்பைப் புரிந்துகொண்டு பயன்படுத்த வேண்டும். அக்காவின் போனிலிருந்து கடை வரை ஒரு பூட்டு, கடையிலிருந்து என் லேப்டாப் வரை இன்னொரு பூட்டு. வழக்கமான இணையதள டனலில் முதல் பூட்டு கடையில்தான் திறக்கப்படுகிறது. தெருவில் போகிறவருக்கு எதுவும் கேட்காது. கடைக்காரர் காதில் விழ வழியுண்டு. அப்பா எடுத்த படங்களுக்கு அது பரவாயில்லை. நோயாளிகளின் ரிப்போர்ட்டுகளுக்கும் ஊழியர்களின் சம்பளப் பட்டியலுக்கும் பரவாயில்லை என்று நான் சொல்ல மாட்டேன். அங்கே பூட்டும் சாவியும் நம் கணினியிலேயே இருக்கும்படி, மூடிய பொட்டலத்தை அப்படியே கடத்தும் முறையைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நான் எஸ்எஸ்எச் வழியைத்தான் எடுத்தேன். சொந்தப் பெயரில் ஒரு துணை முகவரி வாங்கி, வாடகை சர்வரில் அதற்கு இலவசப் பாதுகாப்புச் சான்றிதழும் போட்டு, இரவு பத்து மணிக்கு டனலைத் திறந்தேன். அக்காவுக்கு லிங்க்கை அனுப்பிவிட்டு லேப்டாப் திரையில், யார் என்ன கேட்டார்கள் என்று பதிவாகும் லாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா திறப்பதற்கு முன்பே வரிகள் ஓடத் தொடங்கின. வேர்ட்பிரஸ் நுழைவுப் பக்கம் இருக்கிறதா என்று ஒரு கேள்வி, 404, இல்லை. நிரல் எழுதுபவர்கள் பாஸ்வேர்டுகளைப் போட்டுவைக்கும் மறைகோப்பு இருக்கிறதா, 404. டேட்டாபேஸ் நகல் இருக்கிறதா, 404. பிறகு ஒரு வரி, வெறும் முதற்பக்கத்தைக் கேட்டது. பக்கத்தில் 200. கொடுத்தாயிற்று என்று அர்த்தம். எதைக் கொடுத்தது என்று பார்த்தபோதுதான் உடம்பு சில்லிட்டது. அவசரத்தில் சர்வரைப் படங்கள் இருக்கும் கோப்புறையில் தொடங்காமல் அதற்கு ஒரு படி மேலே தொடங்கியிருந்தேன். முதற்பக்கக் கோப்பு இல்லாத கோப்புறையில் நிறுத்தினால், பைத்தானின் குட்டி சர்வர் அதன் பட்டியலை அப்படியே விரித்துக் காட்டும். படங்களுக்குப் பக்கத்தில் ரேஷன் கார்டு ஸ்கேன், சொத்துவரி ரசீதுகள், அப்பாவின் பென்ஷன் காகிதங்கள். பெயர்களை வாங்கிக்கொண்டு போன அந்த ஆள், அல்லது அந்த நிரல், கோப்புகளைக் கேட்டுத் திரும்பி வருவதற்குள் டனலை நிறுத்திவிட்டேன்.

அக்காவைத் தவிர யாருக்கும் சொல்லாத முகவரி சில நிமிடங்களில் எப்படித் தெரிந்தது? அந்த இலவசச் சான்றிதழை வாங்கியபோது நான்தான் ஊருக்கு அறிவித்திருந்தேன். 2011இல் டிஜிநோட்டார் என்ற நெதர்லாந்துச் சான்றிதழ் நிறுவனத்துக்குள் புகுந்தவர்கள் கூகுள் பெயரிலேயே போலிச் சான்றிதழ் தயாரித்தார்கள். அதன்பிறகு, கொடுக்கப்படும் சான்றிதழ்களைப் பொதுப் பதிவேட்டில் எழுதும் முறை வந்தது. 2018 முதல் குரோம் அதைக் கட்டாயமாக்கியது. திருட்டுத்தனம் அம்பலமாக வேண்டும் என்று வந்த நல்ல முறை. அந்தப் பதிவேட்டை நல்லவர்கள் மட்டும் படிப்பதில்லை. புதுப்பெயர் வந்த நிமிடமே தட்டிப் பார்க்கும் நிரல்கள் இரவும் பகலும் விழித்திருக்கின்றன. கண்டுபிடிக்கவே முடியாத லிங்க் என்று ஒன்று இருப்பதாக நான் இப்போது நம்புவதில்லை.

அன்றைய லாக்கில் இன்னொன்றும் இருந்தது. வந்த அத்தனை பேர் முகவரியும் 127.0.0.1 என்றே பதிவாகியிருந்தது. அது ஒரு கணினி தன்னைத்தானே குறிப்பிடும் எண். டனலின் கடைசி முனை என் லேப்டாப்புக்குள் இருப்பதால், உலகின் எந்த மூலையிலிருந்து வந்தவரும் உள்ளிருந்தே கேட்பவராகத் தெரிகிறார். இது சிறிய விஷயமில்லை. உள்ளிருந்து கேட்டால் பாஸ்வேர்டு வேண்டாம் என்று எழுதப்பட்ட மென்பொருள்கள் ஏராளம். நிர்வாகப் பக்கத்தையே திறந்துவிடும். டனல் முனையில் வைக்கும் எந்த மென்பொருளுக்கும் தனியாக ஒரு பாஸ்வேர்டு போட்டே ஆகவேண்டும். அலுவலகக் கணினியில் அனுமதி கேட்காமல் டனல் திறக்காதீர்கள் என்று நிர்வாகிகள் மன்றாடுவதும் இதனால்தான். களவாட வருபவர்களும் இதே கருவிகளைத்தான் உள்ளே விட்டுவிட்டுப் போகிறார்கள்.

இப்போது அக்கா வேறு வழியில் படம் பார்க்கிறாள். கடையே இல்லாமல், இரண்டு மேன்ஷன்காரர்கள் நேராகப் பேசிக்கொள்ளும் வழி. நான் அவள் மேன்ஷனுக்கு ஒரு கடிதம் போடுகிறேன். அதே சமயத்தில் அவள் என் மேன்ஷனுக்கு ஒன்று போடுகிறாள். முதல் கடிதத்தை மேனேஜர் திருப்பிவிடலாம். ஆனால் இருவர் நோட்டிலும் இப்போது வரி ஏறிவிட்டது. அடுத்த கடிதம் அங்கே பதிலாகத் தெரியும், உள்ளே போகும். ஒருவருக்கொருவர் வெளி முகவரியைச் சொல்லிவிட மட்டும் ஆரம்பத்தில் ஒரு மூன்றாம் ஆள் தேவை. இப்படி இணைந்தபின் மறைத்துப் பேசும் வேலையை ஜேசன் டோனன்ஃபெல்ட் எழுதிய வயர்கார்ட் பார்த்துக்கொள்கிறது. 2020 மார்ச்சில் லினக்ஸ் இயங்குதளத்தின் மையத்திலேயே சேர்க்கப்பட்ட இது சுமார் 4,000 வரி நிரல்தான், ஒரு ஆள் உட்கார்ந்து படித்துச் சரிபார்க்கக்கூடிய அளவு. சரியான சாவி இல்லாமல் தட்டுபவருக்கு அது பதிலே சொல்லாது. அங்கே கதவு இருப்பதே அவருக்குத் தெரியாது. சும்மா இருந்தால் மேனேஜர் வரியை அடித்துவிடுவாரே என்று 25 விநாடிக்கு ஒருமுறை ஒரு வெற்றுக் கடிதம் போடும் வசதியும் அதில் உண்டு. வயர்கார்டின் மேல் கட்டிய டெயில்ஸ்கேல் போன்ற சேவைகள் மூன்றாம் ஆள் வேலையையும் செய்துகொடுக்கின்றன. நேர்வழி அமையாவிட்டால் இடையில் ஒரு அஞ்சல் நிலையம் வழியே போகும். சாவி இரு முனைகளில் மட்டும் இருப்பதால் அவர்களால் படிக்க முடியாது. குடும்பத்துக்குள் பகிர்வதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

ஒரே ஒரு கோப்பை ஒரே ஒருமுறை அனுப்ப இவ்வளவும் வேண்டாம். பிரையன் வார்னர் எழுதிய மேஜிக் வார்ம்ஹோல் ‘7-கிராஸ்ஓவர்-கிளாக்வர்க்’ மாதிரி ஒரு எண்ணும் இரண்டு சொற்களும் தரும். போனில் சொன்னால் போதும். மறுமுனையில் அதை அடித்ததும் கோப்பு இறங்கும். ஒவ்வொரு சொல்லும் 256இல் ஒன்று, ஆக 65,536 சேர்க்கைகள். கணினிக்கு இது கொசுறு. ஆனால் அந்தச் சொற்கள் கம்பியில் போவதே இல்லை. அவை தெரியும் என்பதை மட்டும் இருமுனைகளும் ஒன்றுக்கொன்று நிரூபித்துக்கொள்கின்றன. குறுக்கே புகுபவருக்கு ஒரே ஒரு ஊகம்தான் அனுமதி. தப்பினால் அந்தக் குறியீடு செத்துவிடும்.

முன்பின் அறியாத ஒருவருக்கு, வாடிக்கையாளருக்கோ தேர்வாளருக்கோ, அரை மணி நேரம் எதையாவது காட்ட வேண்டிய தேவை எல்லோருக்கும் வரும். அப்போது பொது டனல்தான் வழி, பயப்படாமல் திறவுங்கள். எந்தக் கோப்புறையில் நிற்கிறீர்கள் என்று ஒருமுறை பாருங்கள், முன்னால் ஒரு பாஸ்வேர்டு வையுங்கள், திறந்திருக்கும்வரை லாக்கில் ஒரு கண் இருக்கட்டும். காட்டி முடித்ததும் கன்ட்ரோலையும் சியையும் சேர்த்து அழுத்தி நிறுத்திவிடுங்கள். நாளைக்குத் தேவைப்பட்டால் நாளைக்குத் திறந்துகொள்ளலாம், ஒரு வரிதான்.